அரை நிமிடக் குரல்

கண் தெரியாத ஒருவருக்கு யாரோ வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அதைச் சொன்னதும் ஒட்டடை சிரிக்கத் தயாரானான். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு தொண்டையோடு நின்றது.

டீச்சர் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் அல்ல. பொய் சொல்கிறவர்களை அவர் கேள்வி கேட்கிற தோரணையைப் பார்த்து யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. உதவியாளனுக்கு ஒட்டடை என்று பெயர் வந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். நிமிர்ந்தால் கூரையைச் சுத்தம் செய்யலாம். பூட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய துப்பறியும் அலுவலகம்.

வந்தவர் பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர். வெள்ளைக் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. அதை எடுத்துவிட வீட்டில் ஆள் இல்லை என்று டீச்சருக்குப் பட்டது.

"வீடியோன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்றார் டீச்சர்.

"என் போன்ல வேற எதுவும் ஓடாதும்மா."

மேசைமேல் ஒரு பழைய பட்டன் போனை வைத்தார். எண்கள் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

"பாட்டு ஃபைல் போட்டா இது திறக்காது. த்ரீஜிபின்னு ஒரு பழைய வகை வீடியோ மட்டும்தான் ஓடும். புது போன் வாங்கலாம்னா அதுல தடவிப் பார்க்க பட்டன் இல்ல. அதனால என் மனைவி ஒரு வழி கண்டுபிடிச்சா. எங்களை மாதிரி ஆளுங்களுக்காக, பேசும் புத்தக அறையில கதை படிச்சுப் பதிவு பண்றது அவளுக்குப் பழக்கம். அந்த ஆடியோவை இன்டர்நெட்ல ஏதோ ஒரு தளத்துல போட்டு, வீடியோவா மாத்தி, ப்ளூடூத்துல எனக்கு அனுப்புவா. படம் எனக்கெதுக்கு? குரல் இருந்தாப் போதும்."

"அவங்க இப்ப..."

"இல்ல. ஆஸ்பத்திரிக்கு வெளிப்பக்கமா ஒரு இரும்புப் படிக்கட்டு இருக்கு. அங்க மருந்து ஸ்டோர்ல லேபிள் ஒட்டுற வேலை அவளுக்கு. அந்தப் படிக்கட்டுல இருந்து விழுந்துட்டா. கால் தவறிடுச்சுன்னு சொன்னாங்க."

டீச்சர் கேட்டார். "இப்ப வீடியோ அனுப்பறது யாரு?"

"அவதாம்மா."

ஒட்டடை நாற்காலியை இழுத்துக்கொண்டு டீச்சர் பக்கமாக நகர்ந்தான்.

"அவ அனுப்பினா மட்டும் வர்ற மாதிரி ஒரு மணிச் சத்தத்தை அவளே வெச்சுக் குடுத்திருந்தா. அவ போனதுக்கப்புறம் அந்த மணி அடிக்கல. போன வாரம் ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல உக்காந்திருக்கேன், அடிக்குது. நடு பட்டனை அமுக்கினேன். அவ குரல்."

"யாராவது விளையாடியிருப்பாங்க," என்றான் ஒட்டடை. அவன் குரலிலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை.

"தம்பி, இந்த ஊர்ல பாதிப் பேரோட குரல் எனக்குத் தெரியும். ஜலதோஷத்துல பேசினாலும் கண்டுபிடிப்பேன். பெண்டாட்டி குரல் தெரியாதா?"

ஒட்டடை போனை எடுத்துத் திறந்தான். அனுப்பியவர் என்ற இடத்தில் இறந்தவரின் பெயர் இருந்தது. அவன் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையை டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

மூன்று வீடியோக்கள். மூன்றிலும் திரை கறுப்பு. முதலாவதை ஓடவிட்டான்.

"நான்தான். பயப்படாதீர்கள்."

நிதானமான, கொஞ்சம் கனத்த பெண் குரல். இரண்டாவது அதைவிடச் சிறியது.

"நான் தவறி விழவில்லை."

அறையில் ஃபேன் சுற்றுகிற சத்தம் திடீரென்று அதிகமானது போலிருந்தது. மூன்றாவது நேற்று வந்தது. வார்த்தைகளுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தையைத் தேடுவது போல இருந்தது.

"நான்தான்... கவனமாகக் கேளுங்கள்... பொழுது சாய்ந்ததும்... வெளியே இருக்கும்... இரும்புப் படிக்கட்டுக்கு... என்னோடு... வாருங்கள்."

அவ்வளவுதான். கறுப்புத் திரை அப்படியே நின்றது.

ஒட்டடை போனை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இன்னைக்குப் போகப் போறேன்," என்றார் ஆபரேட்டர். "ஷிஃப்ட் முடிஞ்சதும். அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணிச்சு. போலீஸ்ல சொன்னா தண்ணி குடுத்து உக்கார வெப்பாங்க."

"தனியாவா போறீங்க?"

"ஸ்டோர்கீப்பர் கூட வர்றார். என் மனைவிக்கு மேலதிகாரி. அவ போனதுல இருந்து தினமும் சாயங்காலம் கையைப் பிடிச்சு என்னை பஸ்ல ஏத்திவிடறது அவர்தான். தங்கமான மனுஷர். அவர்கிட்ட மட்டும் இதைச் சொன்னேன். முதல்ல பேசவே இல்ல. அப்புறம், மனசு ஆறும்னா நானே கூட்டிட்டுப் போறேன்னார்."

"துணைக்கு ஒருத்தர் இருக்கறது நல்லதுதான்," என்றார் டீச்சர்.

அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று டீச்சர் பின்னால் பல தடவை நினைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல உங்க மனைவி எப்படிப் பேசுவாங்க? 'வாருங்கள்', 'கேளுங்கள்'னா பேசுவாங்க?"

ஆபரேட்டர் திகைத்தார். "இல்ல. 'வாங்க, சோறு ஆறுது'ம்பா. கோவம் வந்தா அதுவும் இருக்காது, தட்டு மட்டும் சத்தம் போடும்."

"இதுல அச்சடிச்ச மாதிரிப் பேசறாங்களே?"

"செத்தவங்க அப்படித்தான் பேசுவாங்களோன்னு நினைச்சேன்."

"ஆவிங்களுக்கு இலக்கணப் பரீட்சை வெச்சாத்தான் உண்டு," என்றான் ஒட்டடை. பிறகு அவசரமாக, "மன்னிச்சுக்கங்க சார்" என்றான்.

"அவங்க பேசல சார். படிக்கறாங்க," என்றார் டீச்சர். "கதைப் புத்தகம் படிச்ச பதிவுல இருந்து யாரோ வார்த்தை வார்த்தையா வெட்டி ஒட்டியிருக்காங்க. அதான் நடுவுல அத்தனை இடைவெளி."

ஆபரேட்டரின் முகத்தில் நிம்மதி இல்லை. பிடித்திருந்த ஒரு கையை யாரோ மெல்ல விடுவித்தது போல உட்கார்ந்திருந்தார்.

ஒட்டடை அதற்குள் போனில் பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவை மனைவி உயிரோடு இருந்தபோது அனுப்பிய கதைகள்.

"டீச்சர், இதைப் பாருங்க. இதெல்லாம் கறுப்பு இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு படம்."

"என்ன படம்?" என்றார் ஆபரேட்டர். தலை நிமிர்ந்தது.

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"சொல்லவே இல்லையே அவ."

ஒட்டடை கிண்டலை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னான். "இதுல ஜன்னல்ல துணி காயுது. இதுல ஒரு பூனை, மதில்மேல, கோவமா பார்க்குது. இதுல நீங்க தூங்கறீங்க சார், வாயைத் திறந்துக்கிட்டு. இதுல மழை, பஸ் ஸ்டாப்புல குடை. இதுல மறுபடியும் நீங்க. செருப்பை மாத்திப் போட்டுட்டு நிக்கறீங்க."

"மாத்தியா?" என்றார் ஆபரேட்டர். உதடு கோணியது. சிரிக்கப் பார்த்தார் போல. "அன்னைக்கு ஏன் அப்படிச் சிரிச்சான்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா."

டீச்சர் போனை வாங்கி, கறுப்பு வீடியோக்களில் ஒன்றை மறுபடி ஓடவிட்டார்.

"நீங்க பார்க்கவே மாட்டீங்கன்னு தெரிஞ்சும் படம் வெச்ச மனுஷி, கறுப்பை அனுப்ப மாட்டாங்க. மூலையில என்ன எழுத்துடா அது?"

"தளத்தோட பேர். இலவசமா மாத்தினா முத்திரை குத்திடுவாங்க போல. பழைய ஃபைல்கள்ல இது இல்ல, அவங்க காசு கட்டி மாத்தியிருக்காங்க."

"அப்ப அனுப்பறது வேற ஆள். உங்க போன்ல இந்த வகை மட்டும்தான் ஓடும்னு தெரிஞ்ச ஆள். உங்க மனைவியோட போன் எங்க சார்?"

"கிடைக்கவே இல்ல. விழுந்த இடத்துல எங்கயோ போயிருக்கும்னு விட்டுட்டாங்க."

"போகல. அது ஒருத்தர்கிட்ட இருக்கு. ரெண்டு போனையும் முன்னாடியே இணைச்சு வெச்சதால, கேக்காம கொள்ளாம உள்ள வருது. ப்ளூடூத்னா அந்த ஆள் உங்க பக்கத்துலயே வந்து நிக்கணும். எந்த நேரத்துல வந்தது?"

"மூணுமே மத்தியானம், பார்வையாளர் நேரத்துல. எக்ஸ்சேஞ்ச் ரூம் வாசலை ஒட்டித்தான் இருக்கு. சனங்க போறதும் வர்றதுமா..."

டீச்சர் எழுந்து கைப்பையை எடுத்தார். "நீங்க வேலைக்குப் போங்க. நாங்க போன் பண்ற வரைக்கும் படிக்கட்டுப் பக்கம் போகாதீங்க."

ஆபரேட்டர் வாசல்வரை போய் நின்றார். "வெட்டி ஒட்டினதாவே இருக்கட்டும்மா. கூப்பிட்டது அவ குரல். நான் போகாம இருக்க முடியுமான்னு தெரியல."

கைத்தடி படிகளில் தட்டித் தட்டி இறங்கியது.

பேசும் புத்தக அறை நகர நூலகத்துக்குப் பின்னால் இருந்தது; மாலையில்தான் திறக்கும். பஸ்ஸில் போகும்போது ஒட்டடை தன் போனில் அந்த மாற்றித் தரும் தளத்தைத் தேடிப் பிடித்துவிட்டான்.

"ஆடியோவைப் போடு, பழைய மொபைல் வீடியோன்னு தேர்ந்தெடு, பட்டனை அமுக்கு. பேயே தனியா உக்காந்து பண்ணிடலாம் டீச்சர், அவ்வளவு சுலபம். ஒரு சோதனை பண்றேன்."

வாய்க்குப் பக்கத்தில் போனை வைத்து, கடிகாரக் கடைக்குப் போன சோம்பேறியைப் பற்றி ஒரு நகைச்சுவையைச் சொல்லிப் பதிவு செய்தான். முன் இருக்கையில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். தளம் சிறிது நேரம் சக்கரம் சுற்றிவிட்டு வீடியோவைத் தந்தது. கறுப்புத் திரை, மூலையில் அதே முத்திரை.

"இதே தளம்தான். ஆனா என் ஜோக்கு பாதியில நின்னுடுச்சே. சிரிப்பு வர்ற இடமே காணோம்."

"முழுசா இருந்தாலும் அது காணாமத்தான் இருக்கும்," என்றார் டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடி.

அந்த இடத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதிவறை சிறியது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்தது போல நின்றது. சொந்த மூச்சு காதில் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மைக், ஒரு நாற்காலி. நாற்காலியின் முதுகில் ஒரு பெண்ணின் நீல ஸ்வெட்டர் தொங்கியது.

ஒலிப்பதிவாளருக்கு நாற்பது வயதிருக்கும். பல நாள் தூங்காத கண்கள். கழுத்தில் ஹெட்போன்.

"அவங்க எங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க," என்றார். "அந்த ஸ்வெட்டரை எடுக்க மனசு வரல."

"அவங்க படிச்ச பதிவெல்லாம் யார்கிட்ட இருக்கு?"

"இங்கதான். ஆனா ஊர்ல நிறைய பேர் அவங்க கதை கேட்டிருக்காங்க. யார் வேணும்னாலும் வெட்டலாம்."

"வெட்டினதா நான் சொல்லவே இல்லையே," என்றார் டீச்சர்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"உங்க சட்டைப் பையில என்னமோ ஒட்டியிருக்கு," என்றார் டீச்சர். "வட்டமா, பச்சையா. ஆஸ்பத்திரிப் பார்வையாளர் ஸ்டிக்கர் இல்லையா அது? யாரைப் பார்க்கப் போனீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். பிய்த்தெடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"என் பொண்ணு. படுக்கையில இருக்கா. தினமும் ஊசி."

"தினமும் போறீங்க. போற வழியில எக்ஸ்சேஞ்ச் வாசல்ல நிக்கறீங்க. ஒரு கண் தெரியாத மனுஷனுக்குச் செத்துப்போன பெண்டாட்டி குரல்ல பேசறீங்க. இதுக்குப் பேர் என்ன சார்?"

"அவரைக் காப்பாத்தத்தான் பண்ணேன்."

"காப்பாத்தவா?" ஒட்டடை முன்னால் வந்தான். தலை பஞ்சுப் பலகையில் இடித்தது, கவனிக்கவில்லை. "அவங்க செத்த இடத்துக்கே அவரை வரச் சொல்றதா காப்பாத்தறது?"

"வரச் சொல்றதா?" ஒலிப்பதிவாளர் அவனையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போகாதேன்னுதானே சொல்லியிருக்கேன்."

ஒட்டடை டீச்சரைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க அனுப்பினதைக் கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"இந்த கம்ப்யூட்டர்ல அந்த வகை ஓடாது. அவங்க போன்ல கேட்டிருக்கலாம்..." அவர் குரல் இறங்கியது. "ஆடியோவா ஒட்டும்போதே என்னால தாங்க முடியல. அவங்க உக்காந்திருந்த ரூம்ல உக்காந்து, அவங்க வாயில அந்த வார்த்தையை வெக்கறேன். மறுபடியும் கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

ஒட்டடை நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"டீச்சர், என் ஜோக்கு. இலவசம்னா அரை நிமிஷம்தான் தருது அந்தத் தளம். மிச்சத்தை வெட்டிடுது. முதல் ரெண்டும் சின்னது, தப்பிச்சுது. மூணாவதோட வாலை வெட்டிடுச்சு."

"அசல் ஆடியோவைப் போடுங்க," என்றார் டீச்சர். "முழுசா."

ஒலிப்பதிவாளர் ஒரு விசையைத் தட்டினார். அறையின் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் அந்தக் குரல் எழுந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஸ்வெட்டர் தொங்குகிற நாற்காலியிலிருந்தே வருவது போலிருந்தது.

"...இரும்புப் படிக்கட்டுக்கு... என்னோடு... வாருங்கள்... என்று... உங்கள் கையைப் பிடித்து... நடத்திச் செல்கிறவர்... அழைத்தால்... போகாதீர்கள். என்னையும்... அப்படித்தான்... அழைத்தார்."

டீச்சரின் முகம் வெளுத்தது.

"வாருங்கள்," என்றார் தனக்குள். "அதோட நின்னுடுச்சு. 'என்று'ங்கறதுல இருந்து எல்லாம் போயிடுச்சு. ஸ்டோர்கீப்பர்."

"பேரைச் சொல்லியிருக்கலாமே நீங்க," என்றான் ஒட்டடை.

"எந்தக் கதையிலயும் அந்த ஆள் பேர் வரல. தேடித் தேடிப் பார்த்தேன். ஸ்டோர்கீப்பர்ங்கற வார்த்தையும் இல்ல. என் குரல்ல சொல்ல முடியாது. பொண்ணைப் பத்திக் கேக்க தினமும் எக்ஸ்சேஞ்சுக்கு போன் பண்றவன் நான். ஒரு வார்த்தையில கண்டுபிடிச்சிடுவார். எழுதிப் போட்டா, அவருக்குப் படிச்சுக் காட்டறதே அந்த ஆள்தான்." அவர் நாற்காலியில் சரிந்தார். "அவங்க செத்த அன்னைக்கு, பதிவுக்கு நடுவுல அந்த ஆள்கிட்ட இருந்து போன் வந்தது. சார்ஜ்ல போட்டபடியே பேசினாங்க. மைக் ஓடிட்டே இருந்தது. பழைய ஊசி மருந்துக்கெல்லாம் தேதி மாத்தி லேபிள் ஒட்டச் சொல்றான், முடியாதுன்னு சண்டை போட்டாங்க. படிக்கட்டுக்கு வா, பேசித் தீர்த்துக்கலாம்னிருக்கான். இப்ப வந்துடறேன்னு போனை அப்படியே வெச்சுட்டுப் போனாங்க."

"போலீசுக்கு ஏன் போகல?"

"என் பொண்ணோட ஊசி அந்த ஆள் கையில இருந்துதான் வருது."

ஜன்னல் இல்லாத அறையில் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷிஃப்ட் முடிகிற நேரம். ஆபரேட்டர் எல்லாவற்றையும், மனைவி தவறி விழவில்லை என்று சொன்னதையும் சேர்த்து, ஸ்டோர்கீப்பரிடமே சொல்லியிருக்கிறார்.

ஒட்டடை ஏற்கெனவே ஆபரேட்டரின் பட்டன் போனுக்கு அடித்துவிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டீச்சர் ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சுக்கு அடித்தார். மாலை ஷிஃப்டுக்கு வந்திருந்த பெண் எடுத்தாள்.

"அவர் இப்பத்தான் கிளம்பினார் மேடம். ஸ்டோர்கீப்பர் சார் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு மேல போனாங்க. போனை மேசையிலயே வெச்சுட்டுப் போயிட்டார்."

"மேலன்னா?"

"வெளிப் படிக்கட்டுக் கதவுப் பக்கம்."

"நான் சொல்றதை நிதானமாக் கேளும்மா. நீ எழுந்து ஓடினாலும் எட்ட முடியாது. உங்க ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியெல்லாம் உன் மேசையில இருந்துதானே போகுது? டாக்டரைக் கூப்பிடறது, அறிவிப்புச் சொல்றது?"

"ஆமா மேடம்."

"எல்லாத்தையும் திறந்துவிடு. உன் ரிசீவரை மைக்கு முன்னாடி வை. இங்கிருந்து ஒரு குரல் வரும். அது நிக்கற வரைக்கும் எடுக்காதே. உங்க ஆபரேட்டர் உயிர் அதுல இருக்கு."

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஏதோ சுவிட்சுகள் வரிசையாகத் தட்டப்படும் சத்தம் கேட்டது.

டீச்சர் தன் போனை ஒலிப்பதிவாளரிடம் நீட்டினார். "இதைப் போட்டா, அனுப்பினது நீங்கன்னு அந்த ஆளுக்கு இன்னைக்கே தெரிஞ்சிடும். உங்க பொண்ணு அங்கதான் இருக்கா. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அவர் போனை வாங்கினார். ஸ்பீக்கரின் முன்னால் அதை வைத்து, இன்னொரு கையால் ஒலியை முழுதாகக் கூட்டி, விசையைத் தட்டினார்.

ஆஸ்பத்திரியில் அந்தக் குரல் எழுந்தபோது என்ன நடந்தது என்பதைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர் அப்படியே நின்றுவிட்டார். மருந்து ஸ்டோரில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். எல்லா வராந்தாவிலும், எல்லா வார்டிலும், இறந்துபோன ஒருத்தி நிதானமாக, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, தன் கணவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெளிப் படிக்கட்டுக் கதவுக்கு மேலேயும் ஓர் ஒலிபெருக்கி இருந்தது.

டீச்சரும் ஒட்டடையும் போய்ச் சேர்ந்தபோது வானம் மங்கியிருந்தது. ஆபரேட்டர் மேல்படியில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தார். அந்தப் பிடியை விடுவிக்க ஒரு நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கைத்தடி வெகு கீழே தரையில் கிடந்தது.

"சார், நாங்கதான்," என்றார் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து.

"தோள்ல கை வெச்சார்ம்மா," என்றார் ஆபரேட்டர். "ரெண்டு கையையும். இன்னும் ஒரு படி முன்னால வாங்கன்னார். அப்பத்தான் அவ பேசினா. வாருங்கள்ங்கற வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மேலயும் பேசினா. அவர் கை அப்படியே நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"பதில் சொன்னார்."

"யாருக்கு?"

"அவளுக்கு. ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொல்லியிருக்கணும், சத்தம் மேல போச்சு. 'உன்னைத் தள்ளணும்னு நான் வரல, நீதான் கேக்கல'ன்னார். ரெண்டு தடவை சொன்னார். என் தோளை விட்டுட்டார். நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்."

நர்ஸ் தலையாட்டினாள். "நானும் கேட்டேன் மேடம். கதவுக்கு உள்ளதான் நின்னேன். என்னைப் பார்த்ததும் உள்ள ஓடினார். மருந்து ஸ்டோருக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். வாட்ச்மேன் வெளிய நிக்கறார்."

ஒட்டடை கீழே போய், கைத்தடியை எடுத்துத் துடைத்துக்கொண்டு, திரும்ப அத்தனை படியும் ஏறி வந்தான்.

இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டோர் கதவைத் திறக்க வைத்தபோது அந்த ஆள் பெட்டிகளுக்கு நடுவே காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் நின்று வெகு நேரமாகியிருந்தது. அலமாரிகளில் புது லேபிள்களுக்குக் கீழே பழைய லேபிள்கள் இருந்தன. ஒலிப்பதிவாளரின் மகளை அன்றே வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனது டீச்சர்.

மறுநாள் காலை பதிவறையில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஆபரேட்டரின் மனைவியுடைய கடைசிப் பதிவைச் சாட்சியாக எடுத்துப் போக வந்திருந்தார். கொண்டு போவதற்கு முன்னால் ஒரு முறை கேட்க வேண்டும் என்று ஆபரேட்டர் கேட்டிருந்தார்.

"உங்ககிட்ட நான் மன்னிப்பு..." என்று ஒலிப்பதிவாளர் ஆரம்பித்தார்.

ஆபரேட்டரின் முகம் சட்டென்று அவர் பக்கம் திரும்பியது. "நீங்களா? பொண்ணுக்கு எப்படி இருக்கு?"

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பரவாயில்ல. காலையில சாப்பிட்டா," என்றார் டீச்சர்.

பதிவு ஓடியது. முதலில் கதையின் ஒரு பத்தி. ஒரு கப்பல் கரையை நெருங்குகிற இடம். நடுவில் போன் மணி. பிறகு அவள் குரல், கோபத்தில் உயர்ந்து, தணிந்து, மறுபடி உயர்ந்தது. "முடியாதுன்னா முடியாது சார். அது சனங்க உடம்புக்குள்ள போற மருந்து." இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்து கேட்டார். "படிக்கட்டுக்கா? சரி, வர்றேன். ஆனா சீக்கிரம் முடிங்க. வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிஞ்சு எனக்காக நிப்பார், தனியா ரோடு தாண்டக் கிளம்பிடுவார்."

நாற்காலி நகர்ந்தது. "இப்ப வந்துடறேன்" என்று யாரிடமோ சொன்னாள். செருப்புச் சத்தம். கதவு திறந்து மூடியது.

ஒலிப்பதிவாளர் விசையை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"நிறுத்தாதீங்க," என்றார் ஆபரேட்டர்.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்ல சார். வெறும் ரூம்தான்."

"இருக்கட்டும்."

மைக் அன்று வெகு நேரம் அணைக்கப்படாமல் ஓடியிருந்தது. அவள் எழுந்து போன அறையின் மௌனம் ஸ்பீக்கர்களிலிருந்து மெல்லிய இரைச்சலாக வந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆபரேட்டர் கதவுப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, அந்தப் பதிவு தானாக முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.